சிலோன் தாளில் திகதியும் கையொப்பமும்

சுதந்திரம் வந்தவுடன் காசு மாறிவிடவில்லை. 1948 பெப்ரவரி 4ஆம் திகதிக்குப் பிறகும் இலங்கையில் புழங்கியவை ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முகத்தோடு இலங்கை அரசாங்கத்தின் பெயரில் வந்த பழைய நாணயத்தாள்கள்தான். 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தாள் வெளியிட்டு வந்த நாணயச் சபை அப்போதும் இயங்கிக்கொண்டிருந்தது. ரூபாவின் மதிப்பு இந்திய ரூபாவோடு கட்டப்பட்டிருந்தது. நாட்டுக்கென்று ஒரு மத்திய வங்கி 1950 ஓகஸ்ட் 28ஆம் திகதிதான் திறக்கப்பட்டது. அந்த வங்கியின் முதல் தாள்கள் 1 ரூபாவும் 10 ரூபாவும். அவற்றில் உள்ள திகதி 1951 ஜனவரி 20. கொடியேற்றி மூன்று வருடம் ஆகப்போகும் நேரத்தில் வந்த அந்தத் தாள்களிலும் மன்னரின் முகம்தான் இருந்தது.

நான் சேர்ப்பது அந்த 1951ஆம் ஆண்டுத் தாளில் தொடங்கி, 1972 மே மாதம் நாடு குடியரசாகும் வரை வந்தவற்றை. இந்த எல்லை நானே போட்டுக்கொண்டது. குடியரசான பிறகும் தாள்களில் 'சிலோன் மத்திய வங்கி' என்ற ஆங்கிலப் பெயர் நெடுநாள் இருந்தது; வங்கியின் பெயர் 1985இல்தான் மாறியது. ஆகவே பெயரைக் கணக்கில் எடுத்துச் சேர்ப்பவர்கள் இன்னும் பத்துப் பதின்மூன்று வருடம் கூடப் போகலாம். அதில் தவறே இல்லை. ஆனால் ஏதோ ஓர் இடத்தில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். தாள் சேர்க்கத் தொடங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். உலகத் தாள் எல்லாம் சேர்ப்பேன் என்று தொடங்கியவர்கள் ஆல்பம் நிறைய வைத்திருப்பார்கள்; அதில் ஒரு தாளைக் காட்டி இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. இருபது வருடக் காலத்துக்குள் ஒரே நாட்டின் தாள்களோடு இருந்தால், ஒவ்வொன்றும் பக்கத்தில் உள்ள மற்றத் தாளை விளக்கத் தொடங்கிவிடும்.

என் எல்லைக்கு வெளியே நான் வைத்திருப்பது ஒன்றே ஒன்று. 1942இல் போர்க்காலத்தில் நாணயம் அடிக்க உலோகம் கிடைக்காமல் வெளியிட்ட 5 சதத் தாள். தபால் முத்திரைபோல் நடுவில் துளைக்கோடு போட்டிருப்பார்கள். கிழித்தால் ஒரு பாதி 2 சதம், மறு பாதி 3 சதம். கிழிபடாமல் முழுதாக இருக்கும் தாளைக் காண்கிறபோது, அதை வைத்திருந்தவருக்கு அந்த 2 சதம் அவசரமாகத் தேவைப்படவில்லை என்று நினைத்துக்கொள்வேன். சுதந்திரத்துக்கு முந்தியது என்றாலும் அதை விட எனக்கு மனம் வரவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சிலோன் தாளைக் கையில் எடுத்தால் பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது படத்தை. நான் பார்ப்பது திகதியையும் இரண்டு கையொப்பங்களையும். ஒன்று நிதி அமைச்சருடையது, மற்றது மத்திய வங்கி ஆளுநருடையது. 1951 ஜனவரித் தாளில் நிதி அமைச்சராகக் கையொப்பமிட்டவர் ஜே. ஆர். ஜயவர்தன. ஆளுநராகக் கையொப்பமிட்டவர் ஜோன் எக்ஸ்டர் என்ற அமெரிக்கர். மத்திய வங்கியை அமைப்பதற்காக அமெரிக்க மத்திய வங்கி முறைமையிலிருந்து இங்கே வந்தவர். புதிதாகச் சுதந்திரம் பெற்ற ஒரு நாட்டின் முதல் தாளில் பிரித்தானிய மன்னரின் முகம், அமெரிக்கர் ஒருவரின் கையொப்பம், பின்னாளில் இந்த நாட்டின் முதல் நிறைவேற்று ஜனாதிபதி ஆகப்போகிறவரின் கையொப்பம். மூன்றும் ஒரே தாளில் இருக்கின்றன.

எக்ஸ்டர் 1953 நடுப்பகுதியில் போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர் என். யூ. ஜயவர்தன, இலங்கையரான முதல் ஆளுநர். அதே வருடம் ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால். மானிய அரிசி ஒரு கொத்து (அரிசி அளக்கும் அளவை) 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியதுதான் அதன் காரணம். அதாவது 1 ரூபாத் தாளை நீட்டினால் நாலு கொத்து அரிசி வாங்கிய வீட்டில், பிறகு ஒரு கொத்தும் மிச்சமாக 30 சதமும். அந்த ரூபாத் தாளில் கையொப்பமிட்டிருந்த நிதி அமைச்சர்தான் அந்த விலையேற்றத்துக்கும் பொறுப்பாக இருந்தவர். ஒக்டோபரில் அரசாங்கத்தின் தலைமை மாறியது. நிதி அமைச்சு சேர் ஒலிவர் குணதிலக்கவிடம் போனது. 1954 யூலையில் அவர் முடியின் பிரதிநிதியான மகாதேசாதிபதி ஆகிவிட்டார். நிதி அமைச்சராக அவர் இருந்தது ஒரு வருடத்துக்கும் குறைவு. அவருடைய கையொப்பம் உள்ள தாளைத் தேடுகிறவர்களுக்கு அந்தக் குறுகிய காலம்தான் உண்டு.

1960 யூலைக்கும் 1964 முடிவுக்கும் இடையில் நிதி அமைச்சர் கதிரையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க, சி. பி. டி சில்வா, பி. பி. ஜி. கலுகல்ல, ரி. பி. இலங்கரத்ன, என். எம். பெரேரா. ஒரே நிறம், ஒரே படம், ஒரே பெறுமதி என்று மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும் தாள்கள் இந்த நாலரை வருடத்தில் எத்தனை விதமாகப் பிரிகின்றன என்பது கையொப்பத்தைப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். விற்பவர் பலர் இதைக் கவனிப்பதில்லை. '60களின் 2 ரூபா' என்று ஒரே கட்டாகப் போட்டு ஒரே விலை சொல்வார்கள். பொறுமையாகப் புரட்டுகிறவருக்கு அதற்குள் அரிய ஒன்று கிடைக்கும்.

ஆகவே ஒரு கொப்பியில் இரண்டு நிரல் போடுங்கள். ஒரு பக்கம் நிதி அமைச்சர்கள், மறு பக்கம் ஆளுநர்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே பதவியேற்ற மாதம், விலகிய மாதம். கையொப்பங்களைப் பெரிதாக்கிப் படமெடுத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள். இந்தக் கொப்பி விலைப்பட்டியலைவிடப் பயன்படும். 1953 நடுப்பகுதிக்கு வெகுவாகப் பிந்திய திகதியோடு எக்ஸ்டரின் கையொப்பம் உள்ள தாள் வந்தால், வாங்குவதற்கு முன் கேள்வி கேட்க வேண்டும் என்பதை அது உடனே சொல்லிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: தாளில் உள்ள திகதி மக்கள் கைக்கு வந்த திகதி அல்ல. அச்சடித்த தாள் வங்கிப் பெட்டகத்தில் காத்திருந்துதான் வெளியே வரும். மன்னர் 1952 பெப்ரவரி 6இல் இறந்தார் என்பதால் அன்றோடு அவர் முகம் புழக்கத்திலிருந்து மறைந்துவிடவில்லை. அரசி எலிசபெத்தின் முகத்தோடு 1952 யூன் 3 என்ற திகதியில் தாள்கள் வந்தன. இரண்டும் ஒரே பணப்பையில் கிடந்தன.

முகங்களின் வரிசையும் ஒரு வரலாறுதான். மன்னர், பிறகு அரசி. 1956இல் ஆட்சி மாறியபின் அரசியின் முகம் எடுக்கப்பட்டு சிலோனின் அரச இலச்சினை வந்தது. 1959 செப்ரெம்பரில் சுடப்பட்டு இறந்த பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் முகம் 1960களின் தொடக்கத்தில் தாளுக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் பொலனறுவையில் பாறையில் செதுக்கிய, பராக்கிரமபாகு மன்னருடையது என்று பொதுவாகச் சொல்லப்படும் சிலை வந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் தாளின் முகமும் மாறிய காலம் அது.

இந்த மாற்றங்களுக்குள் தமிழ் வாசகராகிய நமக்கு ஒரு விஷயம் உண்டு. 1956 யூன் மாதம் தனிச் சிங்களச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. அரச இலச்சினையோடு வந்த தாள்கள் அதே வருடத்தவை. அந்தத் தாள்களிலும் தமிழ் இருந்தது. அதன் பின்னர் வந்தவற்றிலும் இருந்தது. அரசாங்கக் கந்தோரில் தமிழில் கடிதம் எழுதிப் பதில் வராமல் காத்திருந்த ஒரு தலைமுறை, தன் சம்பளத் தாளில் மட்டும் தன் மொழியை வாசித்தது. இதற்கு ஆறுதல் என்று பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் 1955ஆம் ஆண்டுக்கு முந்திய தாள் ஒன்றையும் 1956ஆம் ஆண்டுக்குப் பிந்திய தாள் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த மொழி எங்கே நிற்கிறது, எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பாருங்கள். பாடப் புத்தகம் சொல்லாத சிலவற்றை அந்த இரண்டு தாளும் சொல்லும். என் சேகரிப்பில் நான் வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது அந்தச் சோடியைத்தான்.

இப்போது ஒரு தாளைக் கையில் எடுப்போம். 1951ஆம் ஆண்டு 1 ரூபா. நீல நிறம். முன்புறம் மன்னரின் முகம், பின்புறம் சிற்ப வேலைப்பாடு கொண்ட படிக்கட்டு. இங்கிலாந்தில் பிராட்பரி வில்கின்சன் நிறுவனம் அச்சிட்டது. முதலில் மேசையில் வைத்து, விளக்கை மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடிக்கிறேன். நேராக ஒளி விழும்போது தெரியாத மடிப்புகள் எல்லாம் அப்போது நிழல் கோடாகக் கிளம்பும். நடுவில் ஒரு நெடு மடிப்பு, அதைக் குறுக்காக வெட்டும் மங்கலான இன்னொன்று: சேட்டுப் பையில் நாலாக மடித்து வைத்திருந்தவரின் தாள். பிறகு ரோச் வெளிச்சத்தைப் பின்னால் வைத்துத் தூக்கிப் பார்க்கிறேன். வெற்றிடத்தில் சிங்கம் போன்ற உருவம் நீர்க்குறியாகத் தெரிகிறது. இடது ஓரத்துக்கு அருகே மூன்று ஒளிப்புள்ளிகள். குண்டூசித் துளைகள். அக்காலத்தில் கட்டுகளைக் குண்டூசியாலும் கம்பியாலும் குத்தி வைப்பது வழக்கம் என்பதால் இந்தத் துளை பழைய தாளுக்குப் பிறந்த மேனி மச்சம்போல. இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், ஆனால் அதற்காகத் தாளைத் தள்ளிவிட வேண்டாம்.

அடுத்தது லென்ஸ். பத்து மடங்கு பெருக்கும் சிறிய லென்ஸ் போதும். மன்னரின் கன்னத்து நிழலைப் பார்த்தால், அது மெல்லிய கோடுகளாலும் வெட்டுகளாலும் ஆனது. ஒவ்வொரு கோடும் தொடங்கும் இடத்தில் கூராகவும் நடுவில் தடிப்பாகவும் இருக்கும். செப்பிலோ உருக்கிலோ கையால் செதுக்கிய தகட்டிலிருந்து வந்த கோடு அப்படித்தான் இருக்கும். கணினியில் நகலெடுத்து அச்சடித்ததில் அந்தக் கோடுகள் வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். இந்த ஒரு சோதனையைப் பழகிக்கொண்டால் போலிகளில் பெரும்பாலானவை அங்கேயே விழுந்துவிடும். கடைசியாக ஓரங்கள். நாலு பக்கத்து வெள்ளை ஓரத்தையும் அடிமட்டத்தால் அளந்து, அதே வகையில் உறுதியாக நல்லதென்று தெரிந்த இன்னொரு தாளோடு ஒப்பிட வேண்டும். கிழிந்த ஓரத்தை நேராக வெட்டிவிட்டு 'புதிசு' என்று விற்பது உண்டு. ஓரம் குறுகிய தாளின் மூலைகள் மட்டும் கத்திபோல் கூராக இருந்தால் அது வெட்டப்பட்டது.

தாளின் நிலை பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. அதைக் கொழும்புப் புறக்கோட்டையில் பழைய காசும் முத்திரையும் விற்கும் ஒரு நானாவிடம்தான் கற்றேன். ஒருநாள் அவர் 1954ஆம் ஆண்டு 5 ரூபாத் தாள்கள் இரண்டைக் கண்ணாடி மேசையில் வைத்தார். ஒன்று செம்மஞ்சள் நிறம் பளிச்சென்று, மடிப்பே இல்லாமல். மற்றது மூலை மழுங்கி, நடுவில் கோடு விழுந்து.

"தங்கச்சி, எது வேணும்?"

"நானா, முதல்ல ரெண்டையும் தொட்டுப் பாக்கட்டுமா?"

"அதத்தான் நான் சொல்ல வந்த. கண்ண மூடிக்கிட்டுத் தொட்டுப் பாருங்க."

கசங்கிய தாளில் எழுத்துகள் விரல் நுனியில் தட்டின. மை தாளுக்கு மேலே மேடாக நின்றது. பளிச்சென்ற தாளில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. அதைக் கழுவி, ஈரத்தோடு அழுத்தி, அயன் போட்டு மடிப்பை எடுத்திருந்தார்கள். மேடாக நின்ற மை தட்டையாகிவிட்டது. அவர் லாச்சியிலிருந்து ஒரு சிறிய புற ஊதா விளக்கை எடுத்து இரண்டின் மேலும் பிடித்தார். கசங்கியது மங்கலாகவே இருந்தது. மற்றது நீலம் கலந்த வெள்ளையாக ஒளிர்ந்தது. பருத்தி நாரில் செய்த பழைய நாணயத்தாள் அந்த விளக்கில் ஒளிராது. உடுப்புத் தோய்க்கும் தூளில் துணியை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் பொருள்தான் ஒளிரும். கழுவியவர் அதைத் தாளுக்குள் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"இத ஒருத்தர் என்ட தலையில கட்டப் பாத்தார். காட்டத்தான் வச்சிருக்கன், விக்க இல்ல" என்றார். நான் கசங்கியதை வாங்கினேன்.

அன்றிலிருந்து என் நிலைப்பாடு மாறவில்லை. நேர்மையாகக் கசங்கிய தாள், திருத்தி எழுப்பிய தாளைவிட எப்போதும் மேல். அழுக்கு, மடிப்பு, ஓரத்தில் யாரோ பேனையால் எழுதிய கணக்கு எல்லாம் அந்தத் தாள் வாழ்ந்த வாழ்க்கை. அதை அழித்துவிட்டுப் புழங்காத தாள் என்று விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவது மட்டுமல்ல, திரும்பச் செய்ய முடியாத சேதம். தாள் சேர்க்கிற உலகத்தில் புழங்காத தாளுக்கும் நன்றாகப் புழங்கிய தாளுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம்தான் கழுவுகிறவர்களை உருவாக்குகிறது. ஆகவே புழங்காத தாள் என்று சொல்லி விலை கேட்டால் தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். இணையத்தில் வாங்குவதென்றால் நேர்ப்படம் மட்டும் போதாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று, பின்வெளிச்சத்தில் ஒன்று என்று கேட்டு வாங்குங்கள். நல்ல விற்பனையாளர் மறுக்கமாட்டார். மறுத்தால் அந்த மறுப்பே போதுமான பதில்.

தாளைத் தரம் பார்த்து, 70 வரை புள்ளி போட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடித் தரும் நிறுவனங்கள் வெளிநாட்டில் உண்டு. விலை உயர்ந்த தாளுக்கு அது பாதுகாப்பு, விற்கும்போதும் உதவும். ஆனால் சாதாரண 2 ரூபாத் தாளுக்கு அந்தக் கட்டணமும் தபால் செலவும் தாளின் விலையைத் தாண்டிவிடும். தவிர, மூடிய உறைக்குள் மையைத் தொட்டுப் பார்க்க முடியாது. எனக்கு அது பெரிய இழப்பு. நான் சேர்ப்பவற்றில் மிகச் சிலவற்றுக்குத்தான் அதைச் செய்வேன்.

50 ரூபாவும் 100 ரூபாவும் தனிக் கதை. 1970 ஒக்டோபர் இறுதியில் நிதி அமைச்சர் என். எம். பெரேரா, புழக்கத்தில் இருந்த 50, 100 ரூபாத் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார். பதுக்கிய பணத்தையும் வரி கட்டாத பணத்தையும் வெளியே கொண்டுவருவதற்கான நடவடிக்கை. கையில் உள்ளதைச் சில நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். என் பெரியப்பா அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் காசாளர். அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் அவர் இப்பவும் கையை விரித்துக் காட்டுவார்.

"சனம் விடிய முதலே வாசலில வந்து நிண்டிட்டுது பிள்ளை. ஒரு கிழவி சீலைத் தலைப்பில முடிஞ்சு கொண்டுவந்தா. மகளின்ர சீதனத்துக்கு எண்டு சேர்த்தது. நூறு ரூபாத் தாள் எல்லாம். அவிழ்க்கேக்க அவவின்ர கை நடுங்கினது."

"அவவுக்குக் காசு கிடைச்சதோ பெரியப்பா?"

"கணக்கில போட்டுக் குடுத்தனாங்கள். ஆனா கையில திருப்பித் தாங்கோ எண்டுதான் அவ கேட்டுக்கொண்டே நிண்டவ."

இந்த நிகழ்வு சேகரிப்பவருக்கு என்ன செய்தது என்றால், 1950களிலும் 60களிலும் வந்த 50, 100 ரூபாத் தாள்களில் பெரும்பகுதி வங்கிக்குத் திரும்பி அழிந்தது. சிறிய தாள்கள் மக்கள் கையில் கிழிந்து தீர்ந்தன. பெரியவை ஒரே மூச்சில் வாரி எடுக்கப்பட்டன. இன்று கிடைப்பவை ஒப்படைக்காமல் விட்டவை, மறந்துபோனவை, ஏதோ பெட்டிக்குள் தப்பியவை. அவற்றுக்குப் பதிலாக வந்த புதிய தாள்களில் பண்டாரநாயக்கவின் முகமும் 1970 ஒக்டோபர் 26 என்ற திகதியும் இருக்கும். அந்தத் திகதியைப் பார்த்தால் எனக்கு அந்த வாசலில் நின்ற கூட்டம்தான் நினைவுக்கு வரும். 1970க்கு முந்திய 100 ரூபாத் தாள் நல்ல நிலையில் மலிவாக வந்தால் சந்தேகப்படுங்கள். பணம் போட வேண்டும் என்றால் இந்த இரண்டு பெறுமதிகளில் போடுங்கள். ஆனால் 1, 2, 5, 10 ரூபாத் தாள்களில் கை பழகிய பிறகு.

பராமரிப்புக்கு நம் ஊர்க் காலநிலைதான் முதல் எதிரி. கடற்கரைப் பட்டினங்களில் ஈரக்காற்று வருடம் முழுவதும். தாள் ஈரத்தை உறிஞ்சினால் பழுப்புப் புள்ளிகள் விழும். அவற்றை எடுக்க வழியில்லை. அடுத்தது இராமபாணப் பூச்சி. பழைய புத்தகத்தோடு சேர்த்துத் தாளை வைத்தால் ஓரத்தை மேய்ந்துவிடும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகள் கூடவே கூடாது. பிவிசி உறை காலப்போக்கில் ஒருவித எண்ணெய்ப் பிசுக்கை விட்டுத் தாளோடு ஒட்டும். மைலார் உறை, இல்லையென்றால் பொலிபுரொப்பிலீன் உறை வாங்குங்கள். ஒரு உறையில் ஒரு தாள்தான். ஆல்பத்தை வெளிச் சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வைக்காமல் வீட்டின் உட்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து பார்த்து, காய்ந்த நாளில் கொஞ்ச நேரம் நிழலில் காற்றாட விடுவேன். வெயில் படவே விடமாட்டேன். நீல 1 ரூபாவின் நிறம் வெளிச்சத்தில் போய்விடும்.

கிழிந்த தாளை ஒட்டுநாடாவால் ஒட்டுவது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். அந்தப் பசை பழுப்பாகித் தாளுக்குள் ஊறிவிடும்; எடுக்கப் போனால் அச்சும் சேர்ந்து வரும். கிழிசலை அப்படியே உறைக்குள் வைத்திருப்பது நல்லது. அரிய தாள் என்றால் கடதாசிப் பாதுகாப்பில் பயிற்சி உள்ளவரிடம் கொடுங்கள். லாமினேற் செய்த தாள் ஒன்று யாராவது கொண்டுவந்தால் எனக்கு உண்மையில் வயிறு எரியும்.

கண்ணைப் பழக்க நல்ல இடம் கொழும்புக் கோட்டை சதாம் வீதியில் உள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை. படத்தில் பார்த்த நிறமும் நேரில் பார்க்கும் நிறமும் வேறு என்பது அங்கே புரியும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு தாளும் வாங்க முதல் அங்கே ஒரு பகல் செலவழிக்கலாம். வெளிநாட்டு விற்பனையாளரோடு பேசும்போது 'பிக் எண்' என்பார்கள். அல்பேர்ட் பிக் என்ற ஜேர்மானியர் உலகத் தாள்களுக்குக் கொடுத்த வரிசை எண் அது. ஒரு தாளை எந்த மொழிக்காரரிடமும் மயக்கமில்லாமல் சொல்ல அதுவே வழி. ஆனால் ஒரே எண்ணுக்குள் பல திகதிகளும் பல கையொப்பச் சோடிகளும் அடங்கும் என்பதால், எண்ணை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். திகதியையும் இரண்டு பெயரையும் சேர்த்தே கேளுங்கள்.

வாங்கும் ஒவ்வொரு தாளுக்கும் நான் தனிப் பக்கம் ஒதுக்குகிறேன். தொடர் எண், திகதி, கையொப்பங்கள், எந்த ஊரிலிருந்து வந்தது, கொடுத்தவர் அதைப் பற்றிச் சொன்ன வார்த்தைகள், கொடுத்த விலை, இரண்டு பக்கப் படமும். சொன்ன வார்த்தைகளைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். சாவகச்சேரியில் ஒரு அம்மா கொடுத்த 10 ரூபாத் தாள் ஒன்று என்னிடம் உண்டு. அவருடைய தகப்பனின் முதல் சம்பளத்தில் மிஞ்சியது, செலவழிக்க மனமில்லாமல் தேவாரப் புத்தகத்துக்குள் வைத்தது. சந்தையில் அதற்குப் பெரிய விலை இல்லை. அந்தப் பக்கம் இல்லாமல் அது என் பிள்ளைகளுக்குப் போனால், பச்சை நிறத்தில் ஒரு பழைய தாள் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

போர், இடப்பெயர்வு, வெளிநாடு என்று வீடுகள் கைமாறிய ஊர் நமது. இன்னும் றங்குப்பெட்டிகளுக்குள்ளும் பழைய அலுமாரி லாச்சிகளுக்குள்ளும் சிலோன் தாள்கள் இருக்கின்றன. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் அகப்பட்டால், கட்டிய நூலை உடனே அவிழ்க்க வேண்டாம். முதலில் இருந்தபடியே படம் எடுங்கள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்காமல் அப்படியே ஒரு கடதாசி உறையில் வையுங்கள். துடைக்க வேண்டாம், நிமிர்த்த வேண்டாம். கூடவே கிடந்த பற்றுச்சீட்டு, கடிதம், வங்கிப் புத்தகம் எதையும் குப்பையில் போட வேண்டாம். தாளை யார், எப்போது, எதற்காக வைத்தார் என்பது பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். அதன் பிறகு வீட்டில் வயதானவர் இருந்தால் அவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, போனில் குரலைப் பதிவுசெய்தபடி, ஒவ்வொரு தாளாகக் காட்டிக் கேளுங்கள். விலை விசாரிப்பது அதற்குப் பிந்திய வேலை.